வாடகைக்கு இருப்பவர் பீமை உடைக்கிறார்: கட்டட உரிமையாளர் என்ன செய்யலாம்?

கேள்வி: சட்டத்தரணி அம்மா அவர்களுக்கு, ஹட்டன் நகரில் என் தந்தையார் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் இப்போது என் பெயரில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நான் கடை நடத்துகிறேன். மேல் இரண்டு தளங்களையும் ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நொத்தாரிசு உறுதி மூலம் ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுத்துள்ளேன். "உள் அலங்கார வேலைகளுக்கு ஆட்சேபனை இல்லை" என்று கடந்த மாதம் ஒரு கடிதமும் கொடுத்தேன். இப்போது இரு தளங்களையும் இணைக்கும் படிக்கட்டுக்காகச் சிலாப்பை வெட்டுகிறார்கள். குளிரூட்டிக் குழாய்க்காக ஒரு பீமின் அடிப்பக்கத்தையும் உடைத்துவிட்டார்கள். உடைத்த கொங்கிரீட்டை என் கடைக்கு மேலுள்ள தளத்திலேயே குவித்திருக்கிறார்கள். என் காசு மேசைக்கு மேல் சுவர் மூலையில் வெடிப்பு ஒன்று தெரிகிறது. "உள்வேலைக்கு நகர சபை அனுமதி தேவையில்லை, நீங்களே கடிதம் தந்திருக்கிறீர்கள்" என்கிறார் ஒப்பந்தகாரர். நான் கதவைப் பூட்டி வேலையை நிறுத்தலாமா?

பதில்: கதவைப் பூட்டாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், குத்தகைக் காலத்தில் அந்த இரண்டு தளங்களின் உடைமை, அதாவது அனுபவத்தில் வைத்திருக்கும் உரிமை, அவர்களிடமே இருக்கிறது. நீதிமன்றத்தின் வழியின்றி அவர்களை வெளியேற்றினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழோ, காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழோ அவர்கள் உங்களுக்கு எதிராக வழக்குக்கு வரலாம். அந்த நிலையில் பீமை உடைத்தது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், பூட்டுப் போட்டது யார் என்ற கேள்வியே முன்னால் நிற்கும். மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிப்பதும் இதே சிக்கலைத்தான் கொண்டுவரும்.

அடுத்து, உங்களை அதிகம் பயமுறுத்தும் அந்தக் கடிதம். உள் அலங்காரம் என்றால் பெயின்ட், சீலிங், பலகைத் தடுப்பு, தரை ஓடு, மின்விளக்கு போன்றவை. கட்டடத்தின் பாரத்தைச் சுமக்கும் தூணையும் பீமையும் சிலாப்பையும் வெட்டுவதற்கான சம்மதத்தை அந்தச் சொற்களுக்குள் நுழைக்க முடியாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நமது நாட்டில் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு இருப்பவர் சொத்தைப் பொறுப்புள்ள குடும்பத் தலைவர் பேணுவதுபோல் பேணி, நியாயமான தேய்மானம் நீங்கலாகப் பெற்ற நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். உரிமையாளரின் சம்மதமின்றிக் கட்டமைப்பை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது, இன்று தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் பேசாதிருந்து வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால், அந்த மௌனத்தையே சம்மதம் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிடுவார். ஆகவே இன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் முந்திய கடிதம் கட்டமைப்பு வேலைக்கு அனுமதியல்ல என்றும், வெட்டுவதையும் உடைப்பதையும் உடனே நிறுத்த வேண்டும் என்றும், குவித்த இடிபாட்டை அகற்ற வேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதுங்கள். இனி வாடகை பெறும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் "எனது சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று குறிப்பிடுங்கள்.

நகர சபை அனுமதி தேவையில்லை என்ற வாதம் தவறானது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அபிவிருத்திப் பகுதியாக வர்த்தமானியில் வெளியிடப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரமின்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது என்கிறது. அபிவிருத்தி வேலை என்பதற்குள் கட்டட வேலைகளும் பொறியியல் வேலைகளும் அடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதனால் சிலாப்பை வெட்டுவது பெயின்ட் அடிப்பதற்குச் சமமாகிவிடாது. சட்டத்தின் 28அ பிரிவின் கீழ், அதிகாரசபையோ அதன் சார்பில் நகர சபையோ அனுமதியற்ற வேலையை உடனே நிறுத்தும்படியும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். கீழ்ப்படியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கோரலாம். அந்த அறிவித்தல் வேலையைச் செய்பவருக்கு மட்டுமன்றி, செய்வித்தவருக்கும் வரக்கூடியது; உங்கள் கடிதத்தைக் காட்டி, செய்வித்தவர் நீங்கள்தான் என்று அவர்கள் சொல்ல முயலலாம். நகர சபைக்கு முதலில் எழுதியவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முறைப்பாட்டின் ஒரு பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிட அவசரமானது பொறியியல். கொங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்குவது அதற்குள் இருக்கும் கம்பி. இரண்டு தூண்களுக்கு இடையில் கிடக்கும் பீமின் நடுப்பகுதியில் அந்த இழுவை அடிப்பக்கத்திலேயே வருவதால், பிரதான கம்பிகளை அங்கேதான் போட்டிருப்பார்கள். குழாய்க்காக உடைத்த இடத்தில் கம்பி வெறுமனே வெளியே தெரிகிறதா, அல்லது அறுக்கப்பட்டு அதன் நுனி பளபளக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது மிகவும் ஆபத்தானது, மேலே சாந்து பூசி மறைத்தால் அது சரியாகாது. வெறும் கம்பியையும் நமது பனியிலும் ஈரத்திலும் அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். மலைநாட்டு நகரங்களின் பல கட்டடங்கள் வீதிப்பக்கம் மூன்று மாடியாகத் தெரிந்தாலும், பின்பக்கம் சரிவில் உயரமான தூண்கள்மேல் நிற்பவை. உங்கள் கட்டடமும் அப்படியானால், அந்தத் தூண்களையும் பின்பக்கத் தாங்குசுவரையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும். மேசன் பாஸின் வார்த்தையை நம்பாமல், கட்டமைப்புத் துறையில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் கையொப்பமிட்ட அறிக்கை பெறுங்கள். அவர் வரும்வரை வெடிப்பின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டு, திகதி எழுதி, அளவுகோலை அருகில் வைத்துத் தினமும் படம் எடுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு நீண்டால் அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

அவர்கள் நிறுத்தாவிட்டால் அந்த அறிக்கையுடனும் சத்தியக்கடதாசியுடனும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு இடைக்காலத் தடை கோரலாம். தாமதம் நிவாரணத்தையே வீணாக்கும் என்று காட்டினால், எதிர்த்தரப்பை அழைப்பதற்கு முன்னரே 14 நாட்களுக்கு மேற்படாத தடுப்புக் கட்டளை ஒன்றைப் பெற முடியும். கட்டடம் விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படக்கூடிய நிலை என்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடமும் போகலாம். ஒப்பந்தத்துக்குப் புறம்பான தீங்குக்கு நட்டஈடு கேட்கும் காலம் இரண்டு வருடங்கள்; எழுத்திலான உடன்படிக்கையை மீறியதற்கு ஆறு வருடங்கள்.

அவர்கள் சமாதானத்துக்கு வந்தால் படிக்கட்டை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. பொறியியலாளரின் கணிப்பு, துவாரத்தைச் சுற்றித் தாங்கும் புதிய பீம், நகர சபை அங்கீகரித்த வரைபடம், குத்தகை முடிவில் பழைய நிலைக்குத் திருப்பும் செலவுக்கான வைப்புப் பணம் ஆகிய நான்கையும் கடிதத்தில் அல்ல, நொத்தாரிசு முன்னிலையில் எழுதும் மேலதிக உறுதியில் சேர்த்துக்கொண்டு சம்மதிக்கலாம். உடைத்த பீமைப் பொறியியலாளர் சொல்லும் முறையில் முதலில் திருத்திய பிறகே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

சட்டத்தரணியிடம் போகும்போது குத்தகை உறுதி, உங்கள் கடிதத்தின் பிரதி, அங்கீகரிக்கப்பட்ட பழைய வரைபடம், கட்டி முடித்தபோது பெற்ற சீஓசி (இணக்கச் சான்றிதழ்), படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அதற்கு முன், இன்றிரவே, அந்தக் காசு மேசையை மூலையிலிருந்து நகர்த்தி, வெடிப்புக்குக் கீழே வாடிக்கையாளர் எவரும் நிற்காதபடி அந்த இடத்தை மறித்துவிடுங்கள்.