விளக்கா, லேசரா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மைத்துனர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நிலம் வாங்கிச் சோளம் பயிரிட்டிருக்கிறார். இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து வயலைக் கிளறிவிடுவதால், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதில் விளக்கைப் பொருத்துவதா, லேசரைப் பொருத்துவதா என்று குழம்புகிறார். கடைக்காரரோ இரண்டும் சேர்ந்த ஒன்றை வாங்கச் சொல்கிறாராம். தங்கள் ஆலோசனை என்ன? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: விளக்கை வாங்கச் சொல்லுங்கள். லேசர் அவருக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

எதிரே நிற்பது எது என்பதை விளக்கு காட்டும். துப்பாக்கிக் குழல் எங்கே நோக்குகிறது என்பதை மட்டுமே லேசர் காட்டும். இருளில் அசையும் கரிய உருவம் பன்றியா, பக்கத்துப் பண்ணையின் கன்றா, வேலியோரம் வந்த மனிதரா என்று தெரியாத வரையில், அதன்மேல் விழும் லேசர் புள்ளியால் எந்தப் பயனும் இல்லை. சட்டமும் இங்கே குறுக்கே வரும். டெக்சஸில் நில உரிமையாளரின் அனுமதியுடன் காட்டுப்பன்றியை இரவிலும் சுடலாம்; தனியார் நிலத்தில் அதற்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை என்று 2019 செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. ஆனால் இரவில் விளக்கடித்து மானைச் சுடுவது அதே மாநிலத்தில் குற்றம்.

ஸ்கோப் இருக்கும்போது லேசர் இரண்டாவது குறியாகிவிடுகிறது. அதுவும் சற்று ஏமாற்றும் குறி. குழலுக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி லேசரைப் பொருத்தி, 25 மீட்டரில் புள்ளியும் தோட்டாவும் ஒரே இடத்தில் சேரும்படி சரிசெய்தால், 100 மீட்டரில் தோட்டா மறுபக்கமாக 15 செ.மீ. விலகிவிடும். குழலுக்கு இணையாக வைத்தால் அந்த 5 செ.மீ. விலகல் எல்லாத் தூரத்திலும் அப்படியே நீடிக்கும். இதற்கு மேல், ஒளி நேர்க்கோட்டில் போகிறது, தோட்டா வளைந்து இறங்குகிறது.

லேசருக்கு உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. தலைக்கவசத்தில் இரவுநோக்குக் கருவி அணிந்த படைவீரரால் ஸ்கோப்பில் எளிதாகக் கண் பதிக்க முடியாது என்பதால், அக்கருவி வழியாக மட்டுமே தெரியும் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு அவர் குறிவைக்கிறார். அமெரிக்க ராணுவம் பயன்படுத்தும் பெக்-15 இந்த வகையைச் சேர்ந்தது. அதன் முழுத்திறன் வடிவம் ராணுவத்துக்கும் அரசு அமைப்புகளுக்கும் மட்டும் உரியது. பொதுமக்களுக்கு விற்கப்படும் வடிவத்தில் அகச்சிவப்புக் கதிரின் திறன் மிகவும் குறைக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் லேசர் கூசினால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும். அகச்சிவப்புக் கதிர் பட்டால் இமைக்கு அது தெரியவே தெரியாது என்பது இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் மைத்துனர் பின்னாளில் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்புக்கு மாறினாலும் இந்த லேசர் உதவாது. தெர்மல் கருவியின் உணரி அந்த அலைநீளத்தைப் பார்ப்பதில்லை.

விளக்கு வாங்கும்போது லுமென் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியை லுமென் சொல்லும்; நடுக்கற்றை எவ்வளவு அடர்த்தியாகப் பாய்கிறது என்பதைக் கேண்டெலா சொல்லும். வயல்வெளிக்குக் கேண்டெலாதான் கணக்கு. கேண்டெலாவை, மீட்டரில் சொன்ன தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் ஒளி லக்ஸில் கிடைக்கும்: 40,000 கேண்டெலா விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும், 10,000 கேண்டெலா விளக்கு 1 லக்ஸ்தான் தரும். ஆயிரம் லுமென் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட விளக்குகளில் இந்த இரண்டு வகையும் உண்டு.

பெட்டியில் அச்சிடும் எட்டும் தூரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒளி கால் லக்ஸாகக் குறையும் இடத்தையே விளக்குத் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் தர அளவீடு எல்லையாகக் கொள்கிறது; அது ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். அந்தக் கணக்கில் 40,000 கேண்டெலா விளக்குக்கு 400 மீட்டர் என்று போடுவார்கள். நிலவொளியில் அத்தனை தூரத்தில் பன்றியையும் கன்றையும் பிரித்தறிய யாரால் முடியும்? அதில் கால் பங்கை நம்பி இறங்குவதே என் வழக்கம். ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகத் தேய்வது வரைக்குமான நேரத்தையே விளக்கு எரியும் நேரமாக அச்சிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். துப்பாக்கியில் பொருத்திய விளக்கால் தேடக் கூடாது. விளக்கு போகும் இடமெல்லாம் குழலும் போகும். தேடுவதற்குத் தலைவிளக்கோ கைவிளக்கோ தனியே இருக்கட்டும். பன்றிதான் என்று உறுதியான பிறகே துப்பாக்கியின் விளக்கு எரிய வேண்டும்.

கேள்வி: பச்சை விளக்கு பன்றியின் கண்ணுக்குத் தெரியாது என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: அறிவியல் வேறு சொல்கிறது. பன்றியின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பணுக்கள் இரண்டே வகை. அவை 439, 556 நானோமீட்டர் அலைநீளங்களை மிக நன்றாக உணர்கின்றன. பச்சை விளக்கின் ஒளி ஏறக்குறைய 525 நானோமீட்டர், அதாவது இரண்டாம் வகையின் உச்சத்துக்கு மிக அருகில். பன்றிக்கு மங்கலாகத் தெரிவது சிவப்புதான். ஆனால் சிவப்பு நமக்கும் மங்கலாகத் தெரிவதால் எட்டும் தூரம் சுருங்கிவிடுகிறது. பச்சையை மனிதக் கண் நன்றாக உணர்கிறது. பச்சை விளக்கு நன்கு விற்பதற்குப் பன்றியின் கண்ணைவிட வாங்குபவரின் கண்ணே காரணம் என்பது என் எண்ணம். 80 மீட்டருக்குள் என்றால் சிவப்பு, அதற்கு மேல் என்றால் பச்சை என்று கொள்ளலாம். எந்த நிறமானாலும் சட்டென்று முழு ஒளியைப் பாய்ச்சாமல், மங்கலில் தொடங்கி மெல்லக் கூட்டும் வசதியுள்ள விளக்கே நல்லது. காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் நிறம் பற்றிய இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண். கண்ணுக்கு முன்பே அதன் மூக்கு வேலையை முடித்துவிடும்.

கேள்வி: விளக்கை எங்கே, எப்படிப் பொருத்த வேண்டும்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முன்பிடியில் (குழலைச் சுற்றி முன்கையால் பிடிக்கும் பகுதியில்) 1995-இல் தரப்படுத்தப்பட்ட பிக்காட்டினி ரெயில் என்னும் பல்வரிசைத் தண்டு இருக்கிறதா, பின்னர் வந்த எம்-லாக் என்னும் நீள்துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து அதற்கேற்ற பிடியை வாங்க வேண்டும். பழைய பாணி வேட்டை ரைஃபிளில் இரண்டுமே இராது. அப்போது ஸ்கோப் குழாயில் வளையப் பிடியால் பொருத்தலாம். துப்பாக்கிக் குழலில் நேரடியாகக் கவ்வ வைப்பதை நான் ஏற்பதில்லை. சுடும்போது குழல் அதிரும் விதம் மாறி, தோட்டா விழும் இடமும் மாறக்கூடும். ஒளிக்கற்றை குழலின் மேல் பட்டால் அந்தப் பளபளப்பு ஸ்கோப்புக்குள் வந்து கண்ணை மறைக்கும். குழல் வாய்க்கு மிக அருகில் வைத்தாலோ கண்ணாடியில் கரி படியும். சிஆர்123 என்னும் சிறு லித்தியம் பேட்டரி இரண்டு போடும் விளக்கானால் இரண்டும் ஒரே நிறுவனத்தினவாக, ஒரே நேரத்தில் வாங்கியவையாக இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. பொருத்தி முடித்ததும் பகலில் இலக்குத் தாளில் சுட்டுக் குறியைச் சரிபார்ப்பது கட்டாயம்.

கேள்வி: எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருக்கும் என் மகன் இப்படியொரு ரைஃபிள் வைத்திருக்கலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. ஆகவே பன்றி வேட்டைக்கு டெக்சஸ் உரிமம் கேட்காவிட்டாலும், துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே உங்கள் மகனுக்கு அந்த உரிமம் வேண்டும். விளக்கைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.