புல்லட்டுக்கு முன்வாசல், தம்பிக்குப் பின்வாசல்

கேள்வி: அம்மா, எனக்கு 46 வயது. என் தம்பிக்கு 37. கொத்தனாராக இருந்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சாரம் சரிந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்பா அம்மா இல்லை, அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. எங்களோடுதான் இருக்கிறான். இந்த வீட்டை நின்று கட்டியவனே அவன்தான், இதில் அவனுக்கு இல்லாத உரிமையா? படுக்கைப்புண் வந்தபோது ஆறு மாதம் நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன். இப்போது எங்கள் பேரூராட்சியில் அவனை மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. கூட்டம், கலெக்டர் ஆபீஸ், ஆரம்ப சுகாதார நிலையம் என்று அலைகிறான். சாய்தளம் எங்கே, கக்கூஸ் கதவு எத்தனை அகலம் என்று செயல் அலுவலரிடம் சண்டை. ஒவ்வொரு தடவையும் பின்கட்டு அறையிலிருந்து மூன்று படி இறக்கி, சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுவர இரண்டு ஆள் வேண்டும். (முன்வாசலில் என் வீட்டுக்காரர் புல்லட் ஏற்றச் சரிவு போட்டிருக்கிறோம். ஆனால் அங்கே வண்டி நிற்கும்.) போன மாதம் மூன்று மணி நேரம் ஒரே இருப்பாகக் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தான், மறுபடி தோல் சிவந்துவிட்டது. ‘திட்டமெல்லாம் கோட்டையில் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ உடம்பைப் பார்’ என்றால் கேட்பதில்லை. சாப்பாடு, மருந்து, டிவி, போன் எல்லாம் கொடுத்திருக்கிறோம். அவனுக்கு என்ன குறை? உங்கள் பகுதியை விடாமல் படிக்கிறவன், நீங்கள் சொன்னால் கேட்பான். வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள்.
— ஓர் அக்கா

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் தம்பிக்காக. இரண்டாம் தடவை அந்த அடைப்புக்குறிக்காக.

ஏம்மா, புல்லட் ஏற்றச் சரிவு வேண்டும் என்று யார் சொல்லி உங்களுக்குத் தோன்றியது? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ராத்திரி தெருவில் நின்றால் பெட்ரோல் திருடுவான், மழையில் நனையும், தினமும் படியில் தூக்கி ஏற்ற முடியாது. அதனால் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி, ஆள் வைத்து, கலவை காயும்வரை ரெண்டு நாள் வண்டியைப் பக்கத்து வீட்டில் நிறுத்தியிருப்பீர்கள். கிட்டத்தட்ட 200 கிலோ இரும்பு இப்போது ஒரே ஆள் தள்ள, கீறல் படாமல் கூடத்து வாசல்வரை வந்து நிற்கிறது. உங்கள் தம்பி 60 கிலோ இருப்பாரா? அவரை இரண்டு பேர் அக்குளிலும் முழங்காலிலும் பிடித்துத் தூக்கி, சாக்கடை ஓரமாகச் சந்தில் கொண்டுவருகிறீர்கள். ஐந்து வருஷமாக.

‘இரண்டு ஆள் வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு ஆளைக் கேட்பது மூன்று படி. உங்கள் தம்பியின் கால் யாரையும் கேட்கவில்லை.

புண்ணுக்கு மருந்து வைத்ததை எழுதினீர்கள். அதற்கு நான் நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப் போவதில்லை. கூடப் பிறந்தவனுக்குப் புண் வந்தால் அக்கா கட்டுவாள், அக்காவுக்கு வந்தால் தம்பி கட்டுவான். அதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றி, அதற்கு வட்டியாக ‘அதனால் நீ வீட்டோடு கிட’ என்று கேட்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, மாட்டுக்கொட்டகையைப் பார்த்த பின்னறையில் கட்டில் போட்டார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, தினம் துவைத்த வேட்டி, ரேடியோ. ஊரே எங்கள் வீட்டைப் புகழ்ந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஊர் வழக்கெல்லாம் தீர்த்த மனுஷர், எட்டு வருஷம் திண்ணையைப் பார்க்கவில்லை. அந்த அறைக்கும் திண்ணைக்கும் 40 அடிகூட இருக்காது. செத்த அன்றைக்குத்தான் அவரைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள். அன்றைக்கு மட்டும் யாருக்கும் கனக்கவில்லை. அந்த வீட்டில் நானும்தான் இருந்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, கோட்டைக்கு வருவோம். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறீர்கள். எந்தப் பெரியவர்கள்?

வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கேரளத்துப் பெண், அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை. 1954-ல் கார் விபத்து, இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. உங்கள் தம்பிக்கு வந்ததேதான். அவரையும் பத்திரமாக வீட்டில் வைத்திருக்கலாம், வசதியான குடும்பம்தான். ஆனால் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று கூட இருந்த டாக்டர் பால் பிராண்ட் சொல்ல, சக்கர நாற்காலியில் இருந்தபடி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தி வைத்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கும் அமெரிக்காவில் நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, வேலூரில் அந்தத் துறையையே தலைமை தாங்கி நடத்தினார். 1966-ல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. இந்தியாவில் உள்நோயாளியாகத் தங்கி, நாற்காலியில் ஏறி இறங்குவதில் இருந்து மறுபடி வாழப் பழகுகிற இடம் அதற்கு முன் கிடையாது. அந்தப் பெண் பின்கட்டில் இருந்திருந்தால் பாகாயம் ஏது?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிறது அமர் சேவா சங்கம். அதை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன், என்ஜினியரிங் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் போனவர். உங்கள் தம்பிக்காவது இரண்டு கையும் இருக்கிறது. மெரினாவில் 2022-ல் கடல்வரைக்கும் மரப்பாதை போட்டார்களே, அதுவும் யாரோ அதிகாரிக்குக் கனவில் வந்ததில்லை. நாங்களும் அலையில் கால் நனைக்க வேண்டும் என்று நாற்காலியில் இருந்தவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டதில் வந்தது. திறந்த சில நாளில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி சரி செய்தார்கள். கேட்க ஆள் இருந்ததால் செய்தார்கள்.

சட்டம் ஏராளமாக இருக்கிறதம்மா. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. அதில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. மறுவாழ்வு சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையம்வரை கிடைக்க வேண்டும் என்று 2023 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார மன்றமே தீர்மானம் போட்டிருக்கிறது. ஆனால் ஜெனீவாவில் கிளம்பின காகிதம் சென்னை வந்து, மாவட்டம் வந்து, உங்கள் ஊர்ப் பேரூராட்சி ஆபீஸ் கக்கூஸ் கதவில் வந்து நிற்கிறது. கதவு இரண்டரை அடி இருந்தால் நாற்காலி நுழையாது, நுழைந்தாலும் விரல் நசுங்கும். மூன்றடி வேண்டும். இதை யார் சொல்வது? நாற்காலியில் விரல் நசுங்கினவர்தான் சொல்ல முடியும். அதற்காகத்தான் 2025-ல் தமிழ்நாட்டின் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாநகராட்சியில் இருந்து கிராம ஊராட்சிவரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தார்கள். அரசியல்வாதிகளைப் புகழ்ந்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்கள் தம்பிக்குத் தெரியும். இது நல்ல சட்டம்.

நீங்கள் ‘சண்டை’ என்று எழுதியிருப்பது உங்கள் தம்பியின் வேலை. கொத்தனார் மட்டம் பார்ப்பதைச் சண்டை என்பீர்களா?

கடிதத்தை இன்னொரு தரம் பாருங்கள். சாப்பாடு, மருந்து, டிவி, போன். நாலையும் எண்ணிச் சொன்னீர்கள். வாசல் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டைக் கட்டியவர் பின்பக்கம் வழியாகப் போய்வருகிறார், ‘அவனுக்கு இல்லாத உரிமையா’ என்று அக்கா கேட்கிறீர்கள். கூடத்துக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு நிலைப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் முன்பக்கமாகவே வந்திருப்பார். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் அவர் தாய்மாமன். முன்வாசலைத் தாண்ட முடியாத தாய்மாமன் நாளைக்குச் சீர்த்தட்டை எந்த வழியாகக் கொண்டுவருவார், சந்து வழியாகவா? எனக்கு இதில் பழைய புத்தி. முறைக்கு உரியவர் வாசல் வழியாக வர வேண்டும், நாலு பேர் பார்க்க வர வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐந்து வருஷமாக மச்சானைத் தூக்குகிற மனுஷர். முதுகு அவருக்கும் வலிக்கும். ‘சரிவு ஏற்கெனவே இருக்கிறதே, வண்டியை எடுத்துவிட்டால் போச்சு’ என்று அவர் சொல்வார். சொன்னால் அளவெடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் மூன்று படி என்றால் முன்பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம் இருக்கும். சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. ஆக 18 அடி. புல்லட் சரிவு நாலடி, ஐந்தடிக்கு மேல் இருக்காது. அதில் நாற்காலியை ஏற்றினால் பின்பக்கமாகக் குடை சாயும். முன்னால் அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவரை ஒட்டி ஒரு மடிப்பு மடித்துக் கொண்டுவரலாம், திரும்புகிற இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட வேண்டும். இரண்டு ஓரமும் சின்னக் கட்டை, பிடித்துக்கொள்ளக் கம்பி. வழவழ டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள், சொரசொரப்பாகவே இருக்கட்டும். 18 அடிச் சரிவில் புல்லட்டும் சுகமாக ஏறும். புல்லட் சரிவில் உங்கள் தம்பி ஏற முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், அவர் கூட்டத்தில் எதற்காகக் கத்துகிறார் என்பதும் புரிந்துவிடும்.

வாஸ்து பார்க்கிறவரைக் கூப்பிடாதீர்கள். புல்லட்டுக்குப் போட்டபோது கூப்பிட்டீர்களா?

இனி உங்கள் தம்பிக்கு, அவர்தான் படிக்கிறாரே.

தம்பி, உங்களுக்கும் திட்டு உண்டு. மூன்று மணி நேரம் ஒரே இருப்பாக இருந்தது தியாகம் இல்லை, மடத்தனம். உணர்வில்லாத தோல் உங்களிடம் வலி என்று சொல்லாது. 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கையூன்றி எழும்பியோ, முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கவுன்சிலர்கள் முன்னால் செய்ய வெட்கப்பட்டிருப்பீர்கள். தலைவர் பேசும்போது எழும்புங்கள், பேச்சு சுருங்கும். நல்ல மெத்தை இல்லாமல் நாற்காலியில் உட்காராதீர்கள். ராத்திரி கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் மறையும்வரை அதன்மேல் உட்காரக் கூடாது, மறையாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுபடி புண் வந்தால் ஆறு மாதம் கட்டப் போவது உங்கள் அக்கா. ஊருக்குச் சாய்தளம் கேட்கிறவர் அக்காவின் கையையும் கொஞ்சம் நினைக்க வேண்டாமா? தவிர, நீங்கள் படுத்துவிட்டால் அந்த ஆபீஸில் கக்கூஸ் கதவைப் பற்றிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த கூட்டத்தில் கதவோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஊருக்குப் பிசியோ மாதத்தில் எத்தனை நாள் வருகிறார், எத்தனை வீட்டுக்குப் போகிறார், பட்டியலில் இருந்தும் வராத வீடு எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். எங்கெங்கோ பின்கட்டில் இருப்பவர்களின் பெயர் அப்போதுதான் ஒரு காகிதத்திலாவது ஏறும்.

அக்கா, கொத்தனாரைக் கூப்பிடும் அன்றைக்குத் தம்பி வீட்டில் இருக்கிற நாளாகப் பாருங்கள். அளவை அவரே சொல்லட்டும். மட்டப்பலகை அவரிடமே இருக்கும், பரணில் தேடுங்கள்.