கேளுங்கள், சொல்கிறோம்: நீலக்கண் புல்

கேள்வி: நீலக்கண் புல் ஒரு தொட்டி வாங்கினேன். காலையில் பத்துப் பன்னிரண்டு பூ இருந்தது. மூன்று மணிக்குப் பார்த்தால் எல்லாம் முறுக்கிச் சுருண்டுவிட்டன. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர் காரணமில்லை. இதன் ஒரு பூவுக்கு ஆயுளே ஒரு பகல்தான். வெயில் ஏறியதும் விரியும், பிற்பகலில் சுருண்டுகொள்ளும், அதோடு முடிந்தது. மந்தாரமான நாளில் மொட்டு வாயே திறக்காது. தண்டின் நுனியில் இரண்டு பச்சை மடல்கள் சேர்ந்த சின்னப் பாளை தெரியும். மொட்டுகள் அதற்குள் வரிசை பிடித்து நிற்கின்றன. பாளையை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: தடிப்பாக இருந்தால் பூ இன்னும் பாக்கி. சுருங்கிய பூவைக் கண்டு பதறி, ஈர மண்ணில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதில்தான் ஆபத்து. பறித்துக் குவளையில் வைக்க ஆசைப்பட வேண்டாம், சாயங்காலம் வெறும் தண்டுதான் மிஞ்சும்.

கேள்வி: பாத்தியில் தானாக விழுந்து முளைத்த கன்றுகளுக்கும் களைப் புல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன முறை களையெடுத்தபோது பாதியைப் பிடுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

குற்றம் பெயர் வைத்தவர் மேல். இது புல்லே அல்ல. கண்ணும் நீலமல்ல, மஞ்சள். அதைச் சுற்றிய இதழ்கள்தான் நீலம். சிசிரிங்கியம் என்பது இதன் தாவரப் பெயர். ஐரிஸ் குடும்பம், அதாவது கிளாடியோலஸுக்கும் குங்குமப்பூவுக்கும் சொந்தம். தாயகம் அமெரிக்கக் கண்டங்கள்.

தண்டு வந்த செடியானால் அதை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். புல்லின் தண்டு பெரும்பாலும் உருளும். கோரையானால் பெரும்பாலும் மூன்று பட்டை தட்டுப்படும். இது உருளாது: தட்டையாக, இருபுறமும் மெல்லிய விளிம்போடு இருக்கும். தண்டு வராத இளங்கன்றானால் அடியைப் பாருங்கள். புல்லில் இலையுறை தண்டைச் சுற்றி உறைபோலப் போர்த்தியிருக்கும். இதில் இலைகள் ஒரே தளத்தில் விசிறியாக விரிந்து, ஒன்றின் மடிப்புக்குள் அடுத்தது செருகி நிற்கும். சின்ன ஐரிஸ் கன்று போலவே இருக்கும். பூத்துவிட்டால் சந்தேகமே வராது. ஆறு இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசிமுனை போல ஒரு நீட்டல். நடுவில் மூன்று மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டி ஒரே தூணாக நிற்கும். ஐரிஸில் அவை தனித்தனி.

ஆகவே, பூக்கும் பருவம் முடியும்வரை அந்தப் பாத்தியில் களைக்கொத்தை வைக்காதீர்கள், கையாலேயே எடுங்கள்.

கேள்வி: விதை சேகரித்து விதைத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

விதைக்கு ஒரு குளிர்காலம் காட்டினீர்களா? ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரம் பட்டால்தான் அதன் உறக்கம் கலையும். காய்ந்த விதையை டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது போதாது, ஈரம் வேண்டும்.

காய் பட்டாணியைவிடச் சிறிய உருண்டை. பழுப்பேறியதும், மூன்றாக வெடிப்பதற்குள் பறித்துக் காகிதப் பையில் போட்டால் அதற்குள்ளேயே வெடித்துக் கரிய விதைகளைக் கொட்டும். விதையைப் போல மூன்று பங்கு மணலில் கலந்து, பிடித்தால் சொட்டாத அளவுக்கு நனைத்து, பையில் கட்டி 4–5 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 வாரம் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து, மணல் காய்ந்திருந்தால் தெளியுங்கள். பிறகு அந்த மணலோடு சேர்த்தே தட்டில் தூவி, மேலே 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் மண் போடுங்கள். ஆழம் கூடினால் முளை மேலே வராது. முதல் வருடம் இலை மட்டும்தான், பூவை அடுத்த வருடம் எதிர்பாருங்கள். குளிர்பெட்டி வேலையே வேண்டாம் என்றால், பனி விழும் ஊர்க்காரர்கள் இலையுதிர்காலத்தில் தட்டை வெளியே வைத்துவிடலாம். எனக்கு அதுதான் உத்தமம் என்று படுகிறது.

கேள்வி: மூன்று வருடச் செடி. ஓரமெல்லாம் பச்சை, நடு மட்டும் பழுத்து அழுகிவிட்டது. மரப்பட்டை மூடாக்கும் மக்கிய உரமும் தவறாமல் போடுகிறேன்.

அந்த இரண்டும்தான் காரணமாக இருக்க வேண்டும். இது மெலிந்த மண்ணில் வாழப் பழகிய செடி. தழைச்சத்து கூடினால் இலை நீண்டு சாயும், பூ குறையும். மூடாக்கு தூரை மூடினால் ஈரம் தேங்கி அழுகும். மூடாக்கு போட்டே ஆகவேண்டுமானால் பொடிச் சரளை போடுங்கள், அதுவும் தூரிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

நடு நைந்துபோவதற்கு வயதும் ஒரு காரணம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட வேண்டும். பூ ஓய்ந்தபின் அல்லது வசந்தத்தின் தொடக்கத்தில், முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் தூரை முழுதாகப் பெயர்த்து மண்ணை உதறுங்கள். கத்தி அநேகமாகத் தேவைப்படாது, கையாலேயே பிரியும். 4 அல்லது 5 விசிறிகள் சேர்ந்தாற்போல் ஒரு பங்கு. ஒற்றை விசிறியாகப் பிய்த்தால் பிழைத்தாலும் தேறக் காலமாகும். அழுகிய நடுப்பகுதியைத் தூர எறியுங்கள். இலையைப் பாதிக்கு வெட்டி, முன்பிருந்த அதே மட்டத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். புது இலை தெரியும்வரை மண் காயக்கூடாது. களிமண்ணானால் மேட்டுப்பாத்தி போடுங்கள்.

கேள்வி: மஞ்சள் பூ பூக்கும் வகைக்கும் இதே பராமரிப்புதானா?

எந்த மஞ்சள் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னிகம் வகை வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரச் சதுப்பு நிலங்களில் வளர்வது. அதற்கு ஈரம் ஓயக்கூடாது, குளக்கரையில் வையுங்கள். தென் அமெரிக்காவின் ஸ்ட்ரையாட்டம் முழங்கால் உயரத்துக்கும் மேலே போகும், வெளிர்மஞ்சள் பூ. வடிகால் நன்றாக இருந்தால் போதும். பூத்து முடித்த விசிறி கறுத்துப்போகும். நோய் என்று பயந்து மருந்து அடிக்காமல், கறுத்ததை அடியோடு வெட்டிவிடுங்கள். பக்கத்துக் கன்றுகள் எழும்பும்.