அடுப்பை எண்ணுங்கள்

வணக்கம் ஐயா,

சென்னையில் மிண்ட் பக்கம் ஒரு தெருவில் நடைபாதையில் குடியிருக்கும் குடும்பங்களோடு நானும் நண்பர்கள் நாலு பேரும் மூன்று மாதமாகப் பழகி வருகிறோம். அங்கேயே பிறந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மழைநீர் வடிகால் வேலை வருகிறது, இடத்தைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு சங்கம் ஆரம்பித்து, வீடு கேட்டு ஆர்ப்பாட்டம் நடத்தலாம் என்பது எங்கள் எண்ணம். பெரியவர்களோ, "எத்தினியோ சங்கம் பாத்தாச்சு தம்பி, போட்டோ புடிச்சிக்கினு பூடுவாங்க" என்கிறார்கள். மனு கொடுக்கப் போன இடத்தில், "பிளாட்பாரத்துல இருக்கறவங்களுக்கு வீடு கேக்க சட்டத்துல இடமே இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? நகரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் வீடு தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா?

க.,
பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள க.,

ஆர்ப்பாட்டம் இப்போது வேண்டாம். முதலில் அடுப்பை எண்ணுங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி "எத்தனை குடும்பம்?" என்பதுதான். "நூறு, நூத்தம்பது இருக்கும் சார்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவர்கள் ஆள் அனுப்பி ஒரு கணக்கு எடுப்பார்கள், அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருந்தவர்கள் எல்லாம் அதற்கு வெளியே நிற்பார்கள். பிறகு அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.

ஏன் அடுப்பு என்று சொல்கிறேன். ஒரே தார்ப்பாய்க்குக் கீழே தாய், மணமான மகன், மணமான மகள் என்று மூன்று குடும்பம் இருக்கும். எண்ண வருகிறவர் தார்ப்பாயைப் பார்த்து 'ஒன்று' என்று எழுதுவார். மூன்று குடும்பத்துக்கு ஒரு வீடு வரும். ஒரு வருஷத்தில் இரண்டு குடும்பம் பழைய நடைபாதைக்கே திரும்பும், 'வீடு கொடுத்தும் வித்துட்டு வந்துட்டாங்க' என்ற பழியோடு. தனியாக உலை வைக்கிறவர்கள் தனிக் குடும்பம் என்று நீங்கள் முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் வாதாட ஒரு பிடி கிடைக்கும். அடுப்பே இல்லாதவர்களும் உண்டு. அம்மா உணவகத்தில் சாப்பிட்டுக் கடை வாசலில் படுக்கும் தனி ஆட்கள், கணவனை இழந்த பாட்டிகள். எல்லாப் பட்டியலிலும் விட்டுப்போவது இவர்கள்தான், அதனால் இவர்களுக்குத் தனித் தாள் போடுங்கள்.

இரண்டு தடவை எண்ண வேண்டும். ஒரு நாள் இரவு பத்தரைக்கு மேல், இன்னொரு நாள் விடியற்காலை ஐந்துக்கு. காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் இருக்க மாட்டார்கள். கல்யாண மண்டப வேலைக்குப் போகிறவர்கள் இரவில் இருக்க மாட்டார்கள். இரண்டு கணக்கையும் சேர்த்தால்தான் தெரு முழுதாக வரும். பேனா பிடிப்பது நீங்களாக இருக்கலாம், ஆனால் யார் எந்த அடுப்பு என்று சொல்ல வேண்டியது அந்த வரிசையில் இருக்கும் ஒரு அம்மா. அவருக்குத் தெரியாமல் ஒரு பெயரும் ஏறக் கூடாது. வீடு வரப்போகிறது என்ற வாடை அடித்ததும் வெளியூர் உறவுக்காரர் பெயர்களெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதில் பத்துப் பெயர் பொய் என்று தெரிந்தால் மொத்தப் பட்டியலையும் தூக்கி எறிய ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

தாளில் என்ன எழுதுவது? பெயர்கள், வயது, தொழில், குழந்தைகள் படிக்கும் பள்ளி, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள் என்பது. இதோடு, படுக்கும் இடம். கதவு எண் இல்லாதவர்களுக்குத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்தான் கதவு எண். 'இன்ன தெரு, கிழக்குப் பக்கம், இன்ன எண் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில், இன்ன எண் கடைக்கு எதிரில்' என்று எழுதிவிட்டால் எந்த அதிகாரியும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஆதாரம். 'எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல' என்பார்கள், நம்பாதீர்கள். மூட்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்ற சீட்டு இருக்கும், ஸ்டான்லி ஓ.பி. சீட்டு இருக்கும், தடுப்பூசி அட்டை இருக்கும். அங்கன்வாடிப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கும். மாநகராட்சிப் பள்ளியில் கேட்டால் எந்த வருஷம் சேர்ந்தான் என்று எழுதித் தருவார்கள். நடைபாதைக் கடைக்குக் கட்டிய அபராத ரசீது, பெட்டி கேஸ் ரசீதுகூட ஆதாரம்தான், அதில் தேதியும் தெருப் பெயரும் இருக்கிறதே. தனியாகப் பார்த்தால் எல்லாம் வெறும் காகிதம். 1998-ல் பிறந்த சீட்டு, 2004 பள்ளிப் பதிவு, 2011 ரசீது என்று வருஷ வரிசையில் அடுக்கினால் 'நேத்து வந்து உக்காந்தவங்க' என்ற பேச்சு எழாது.

வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்குப் படிவம் 6, அதாவது பட்டியலில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம், போடுங்கள். வீடற்றவர் என்றால் முகவரிக்கான ஆவணம் தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்த இடத்துக்கு இரவில், ஒரு தடவைக்கு மேல் வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். தேர்தல் ஆணையத்தின் விதியே இது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், அவர் பகல் பதினோரு மணிக்கு வந்து 'ஆள் இல்லை' என்று குறித்துவிட்டுப் போவார். அதனால் படிவத்தோடு, 'வீடற்றவர், இரவில் வந்து சரிபார்க்கவும்' என்று ஒரு கடிதம் வைத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே அட்டை இருப்பவர்களின் பெயர் இப்போதும் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது.

இனி, சட்டத்தில் இடமில்லை என்று சொன்னார்களே, அது பாதி உண்மை. பம்பாய் நடைபாதைவாசிகளுக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னது இரண்டு விஷயம். பிழைப்பு உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும், அறிவிப்பும் பேச வாய்ப்பும் தராமல் அப்புறப்படுத்தக் கூடாது. அதே தீர்ப்பு, நடைபாதையில் நிரந்தரமாக இருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொல்லியது. நம் தோழர்கள் முதல் பாதியையும் அதிகாரிகள் இரண்டாம் பாதியையும் மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆக, நீதிமன்றத்தில் வீடு கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அங்கே கிடைப்பது அவகாசம். அந்த வழக்கிலேயே மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். அது பம்பாய் மழை. நமக்கு மழை தொடங்குவதே அக்டோபரில்தான். 'வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, பள்ளி ஆண்டு முடியும் வரை' என்று கேட்டால் அதில் ஒரு நியாயம் தெரியும்.

1971-ஆம் வருஷத்துக் குடிசைப் பகுதிச் சட்டத்தை நம்பியும் இறங்காதீர்கள். அதன் பாதுகாப்பு அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகளுக்கு. சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகளையும் 1985-ல் மேலும் 17 பகுதிகளையும் அறிவித்தார்கள். உங்கள் நடைபாதை வரிசை அதில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மனு ஏன் திரும்புகிறது? நடைபாதை மாநகராட்சியுடையது, வீடு வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது (பழைய குடிசை மாற்று வாரியம்), நிலம் வருவாய்த் துறையுடையது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஒரே மனுவில் வீடு, கழிப்பறை, ரேஷன் அட்டை, போலீஸ் தொல்லை எல்லாவற்றையும் எழுதினால் பிரச்சினை அவர்களுக்கு இல்லை, உங்களுக்குத்தான். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். வீட்டுக்கான மனுவைக் காமராஜர் சாலையில் வாரியத்துக்கும், அதன் நகலை ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுங்கள். மனு எண் வாங்காமல் நகர வேண்டாம்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாள் கெடு. 'ஏன் வீடு தரவில்லை' என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை என்பார்கள். 'இந்தத் தெருவில் வடிகால் பணிக்கான பணி ஆணையின் நகல், அகற்ற வேண்டிய குடும்பங்களைப் பற்றிய கணக்கெடுப்பின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள். வாரியத்திடம், 'ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் மண்டலங்களில் இடித்துக் கட்டும் திட்டங்களில் பழைய வீடுகள் எத்தனை, புதிய வீடுகள் எத்தனை' என்று கேளுங்கள். பழைய ஒதுக்கீடுதாரர்களுக்குக் கொடுத்தது போக மீதி வீடுகள் இருந்தால், நீங்கள் குறி வைக்க வேண்டியவை அவைதான். கட்டி முடித்த பிறகு கேட்டால் பிடிக்க முடியாது, அஸ்திவாரம் போடும்போதே கேட்க வேண்டும்.

பெரும்பாக்கத்துக்கான பதிலும் இதில் இருக்கிறது. மிண்டிலிருந்து அது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். விடியற்காலை காசிமேட்டில் நிற்க வேண்டியவர் அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவார்? மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? ஆனாலும் 'போகாதீர்கள்' என்று நீங்களும் நானும் தீர்மானம் போட முடியாது. பக்கவாதம் வந்த கணவனை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு நாலு சுவரும் கழிப்பறையும் உடனே வேண்டியிருக்கலாம். யார் எங்கே வேலைக்குப் போகிறார், எத்தனை மணிக்கு, நடந்தா வண்டியிலா என்று பட்டியலில் ஒரு பத்தி சேர்த்து, குடும்பம் குடும்பமாக முடிவெடுக்க விடுங்கள். போகிறவர்களைத் துரோகி என்று பேசும் சங்கம் ஆறு மாதம் தாங்காது. இரவுக் காப்பகத்தை மட்டும் வீட்டுக்கு மாற்றாக ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இருப்பதால் குடும்பம் அங்கே உடையும்.

பம்பாயில் இதே வழியில்தான் போனார்கள். 1985-ல் நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள், பைக்குல்லா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்று சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். அவர்களோடு நின்ற குடிசைவாசிகள் இயக்கத் தலைவர் ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். நடைபாதைவாசிகளுக்கும் மறுவாழ்வு வீடு உண்டு என்று அங்கே அரசு ஏற்றது 1995 வாக்கில். பத்து வருஷம். உங்கள் நண்பர்கள் நாலு பேரும் அவ்வளவு நாள் இருப்பார்களா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இருக்க மாட்டீர்கள் என்றால் பட்டியல் நோட்டுப் புத்தகங்கள் முதல் நாளிலிருந்தே அந்தத் தெரு அம்மாக்களிடம் இருக்கட்டும்.

பணம். வாரம் இருபது ரூபாய் சந்தா போதும். வசூலிப்பவர் ஒருவர், நோட்டில் எழுதுபவர் வேறொருவர், மாதம் ஒரு முறை எல்லோர் முன்னாலும் கணக்கை உரக்கப் படிப்பவர் மூன்றாமவர். வீட்டுக்கென்று சங்கம் ஒரு பைசாவும் வாங்காது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். வாரியம் பயனாளி பங்குத் தொகை கேட்டால் குடும்பமே நேராகக் கட்டி ரசீது வாங்கட்டும். 'டோக்கன் வாங்கித் தரேன்' என்று புரோக்கர்கள் வருவார்கள், சில சமயம் சங்கத்துக்குள்ளிருந்தே.

ஒருவேளை முன்னறிவிப்பு இல்லாமல் ஜே.சி.பி. வந்து நின்றால், அதன் முன்னால் யாரையும் படுக்கச் சொல்லாதீர்கள். எழுத்தில் உத்தரவு கேளுங்கள், வருகிறவர்களின் பெயரும் பதவியும் எழுதிக்கொள்ளுங்கள், ஒருவர் விடாமல் வீடியோ எடுக்கட்டும். எடுத்துப்போகும் சாமான்களுக்குப் பட்டியல் கேளுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. என்.எஸ்.சி. போஸ் சாலை நடைபாதையில் படுக்கிறவர்கள் தெருவைக் கடந்தால் போதும், ஆனால் அது அங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆர்ப்பாட்டமும் ஒரு நாள் தேவைப்படும். அப்போது காவல்துறைக்கு ஐந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து, வேலை நாள் கூலி போகாத ஒரு நேரமாகப் பாருங்கள்.

பெரியவர்கள் போட்டோவைப் பற்றிச் சொன்னது சரிதான். எண்ணி முடித்த மறு வாரம் பட்டியலின் நகலோடு போய், ஒவ்வொரு அடுப்புக்கும் அவரவர் தாளைப் படித்துக் காட்டிக் கையில் கொடுங்கள். சங்கத்தின் முதல் செலவாகக் குடும்பத்துக்கு ஒரு ஜிப் பிளாஸ்டிக் கவர் வாங்கிக் கொடுங்கள், ஏ4 அளவைவிடக் கொஞ்சம் பெரியதாக. மூலப் பத்திரங்களை லேமினேட் செய்ய வேண்டாம், சில இடங்களில் வாங்க மறுக்கிறார்கள். நகல் ஒரு செட் தெருவுக்கு வெளியே, நம்பிக்கையான ஒரு கடைக்காரரிடம் இருக்கட்டும். மூட்டையோடு லாரியில் ஏறிப்போனவைதான் இதுவரை தொலைந்த காகிதங்களில் பாதி, மழையில் ஊறியவை மீதி.