மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்த பிறகும் இஎம்டி சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமா?

தம்பி, முதலில் வாழ்த்துகள். திருச்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து ஐந்து வருடத்தில் காலேஜை முடித்து, டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூலில் இடமும் வாங்கிவிட்டீர்கள். வீட்டில் எத்தனை பேருக்கு ஃபோன் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டது இது. ஜூலையில் வகுப்பு தொடங்குகிறது. நாடு முழுவதற்குமான நேஷனல் ரெஜிஸ்ட்ரி அமைப்பு கொடுத்த உங்கள் இஎம்டி (ஆம்புலன்ஸில் அவசர முதலுதவி செய்பவர்) சான்றிதழ் அதற்கடுத்த மார்ச் 31-ல் முடிகிறது. 40 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிப்பதா, போகட்டும் என்று விட்டுவிடுவதா? சீனியர் ஒருவர், "ரெசிடென்சிக்கு (மெடிக்கல் ஸ்கூலுக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி) உதவும், விட்டுடாதே" என்கிறார். அம்மாவோ, "டாக்டருக்குப் படிக்கப் போற புள்ள இன்னும் எதுக்குடா ஸ்ட்ரெச்சர் தூக்கணும்" என்கிறார்.

என்னைக் கேட்டால், இரண்டு பேர் சொல்வதையுமே இந்த விஷயத்தில் கணக்கில் எடுக்க வேண்டாம். மாதம் ஒரு ஷிஃப்ட்டாவது வண்டியில் ஏறப் போகிறீர்களா? அப்படியென்றால் புதுப்பியுங்கள். கார்டு மட்டும் பர்ஸில் இருக்கட்டும் என்ற எண்ணமென்றால் வேண்டாம். நானும் கரூரிலிருந்து பள்ளி முடிக்கும் வயதில் இங்கே வந்து, இஎம்டியாக ஓடி, பிறகு மெடிக்கல் ஸ்கூல் போய், இப்போது எமர்ஜென்சியில் டாக்டராக இருப்பவள். ஒரு முறை புதுப்பித்தேன், அடுத்த முறை விட்டேன். இரண்டுமே அந்தந்த நேரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது.

உங்களிடம் இருப்பது ஒரு சான்றிதழ் அல்ல, இரண்டு. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நேஷனல் ரெஜிஸ்ட்ரி கொடுப்பது இரண்டு வருடத்துக்கு. டெக்சஸ் மாநிலச் சுகாதாரத் துறை கொடுப்பது நான்கு வருடத்துக்கு. இங்கே ஆம்புலன்ஸில் வேலை செய்ய சட்டப்படி வேண்டியது மாநிலச் சான்றிதழ். முதல் தடவை அதை வாங்கத்தான் நேஷனல் ரெஜிஸ்ட்ரி வேண்டியிருந்தது. ஆகவே மார்ச் 31 தாண்டினாலும் உங்கள் டெக்சஸ் சான்றிதழ் உயிரோடுதான் இருக்கும். ஆனால் சில ஆம்புலன்ஸ் சர்வீஸ்கள் தங்கள் விதிப்படி இரண்டையும் கேட்கும். உங்கள் சர்வீஸ் எப்படி என்று மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "எங்களுக்கு மாநிலச் சான்றிதழ் போதும்" என்றால் உங்கள் கவலையில் பாதி அங்கேயே தீர்ந்தது.

அடுத்து, தேதிகளைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். வரும் மார்ச்சில் நீங்கள் முதலாண்டு. புதுப்பித்தால் சான்றிதழ் மூன்றாம் ஆண்டு மார்ச் வரை ஓடும். அந்த நேரத்தில் நீங்கள் வார்டு வார்டாகச் சுழன்று பயிற்சி பெறும் க்ளெர்க்‌ஷிப்பில் இருப்பீர்கள். சர்ஜரி ரொட்டேஷனில் விடிவதற்கு முன்பே வார்டில் நிற்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் ஷிஃப்ட் என்பது நடக்காத கதை. அதாவது, இப்போது புதுப்பித்தால் நீங்கள் உண்மையில் ஷிஃப்ட் எடுக்க முடிகிற முதல் ஒன்றரை, இரண்டு வருடம் மொத்தமும் அடங்கிவிடும். இந்த ஒரு முறை புதுப்பிப்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்த முறை யோசிக்கவே வேண்டாம்.

40 மணி நேரம் என்றதும் மலைக்காதீர்கள். 20 தேசியப் பாடத்திட்டம், 10 மாநில அல்லது உள்ளூர்த் தேவை, மிச்சம் 10 உங்கள் விருப்பம். நீங்கள் ஏற்கெனவே ஒரு சர்வீஸில் இருப்பதால், மாதாந்திரப் பயிற்சிகளே கணிசமான மணி நேரமாகச் சேர்ந்திருக்கும். ரெஜிஸ்ட்ரி கணக்கில் உள்நுழைந்து பாருங்கள். பாதிக்கு மேல் சேர்ந்திருந்தால் மீதியை வகுப்பு தொடங்கும் முன்பே ஆன்லைனில் முடித்துவிடலாம். ஒன்றுமே இல்லையென்றால், அனாடமி லேபுக்கு நடுவில் 40 மணி நேரம் தேடுவது வீண் வேலை. ஃபிசியாலஜி, ஃபார்மகாலஜி போன்ற வகுப்புகளில் ஏதாவது அந்த விருப்பப் பத்தில் சேருமா என்று உங்கள் ட்ரெய்னிங் ஆஃபீசரிடம் கேளுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

தொடர்கல்விக்குப் பதில் தேர்வை மறுபடி எழுதிப் புதுப்பிக்கும் வழியும் உண்டு. "நான் மெடிக்கல் ஸ்டூடண்ட், இஎம்டி தேர்வு என்ன பெரிய விஷயம்" என்று போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வு நோயைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. இடம் பாதுகாப்பா, மூச்சு வருகிறதா, இன்னொரு வண்டி தேவையா, கிளம்பலாமா என்று கேட்கும். அதிகம் படித்தவன் அதிகம் யோசித்துத் தப்பான கட்டத்தை டிக் செய்வான்.

"வேலை செய்யாமல் கார்டை மட்டும் வைத்துக்கொள்கிறேனே" என்றால் அதற்கும் 'இன்ஆக்டிவ்' என்று ஒரு நிலை இருக்கிறது. ஆனால் படிப்பு மணி நேரம் அதே 40. செலவும் நேரமும் ஒன்றுதான், வண்டி மட்டும் இல்லை. அதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரெசிடென்சி விஷயத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் அதிகபட்சம் 10 அனுபவங்கள் எழுதலாம், அதில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். நீங்கள் இஎம்டியாக இருந்தது அந்தப் பத்தில் தாராளமாக வரும், மூன்றில்கூட வரலாம். ஆனால் அங்கே யாரும் உங்கள் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதில்லை. நீங்கள் செய்த வேலை செய்ததுதான், கார்டு காலாவதியானால் அது இல்லாமல் போய்விடாது. 2022 ஜனவரியிலிருந்து டாக்டர் உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்விதான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும், எமர்ஜென்சி மெடிசின் போவதென்றால் நான்காம் ஆண்டு ரொட்டேஷனில் வாங்கும் தரப்படுத்தப்பட்ட பரிந்துரைக் கடிதத்துக்கும்தான் கனம். பிற்காலத்தில் ஆம்புலன்ஸ் சேவையையே மேற்பார்க்கும் டாக்டராக ஆசை இருந்தாலும் இதே பதில்தான். அது 2010-ல் தனித் துணைத்துறையாக அங்கீகாரம் பெற்றது, ரெசிடென்சி முடித்து ஃபெல்லோஷிப் வழியாகப் போவது. அதற்கும் இஎம்டி கார்டு கேட்கமாட்டார்கள். சீனியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவரும் யாரோ சொல்லிக் கேட்டதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்.

அப்படியானால் எதற்குப் புதுப்பிக்க வேண்டும்? வார்டில் கிடைக்காத ஒன்று வீட்டுக்குள் கிடைக்கும், அதற்காக.

மெடிக்கல் ஸ்கூலில் இருந்தபோது ஒரு மதியம், தலைசுற்றல் என்று அழைப்பு. தனியாக இருக்கும் பாட்டி. நாடி நாற்பதை ஒட்டி, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. என் பார்ட்னர் ஆக்சிஜன் அளவு பார்க்க, நான் சமையலறை மேசையில் கிடந்த ஆரஞ்சு நிற மாத்திரை டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தேன். வேறு வேறு ஃபார்மசி லேபிள்கள். ஒன்றில் லோப்ரெஸர், இன்னொன்றில் மெட்டோப்ரோலால். இரண்டும் ஒரே மருந்து, ஒன்று பிராண்டு பெயர், மற்றது ஜெனரிக். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்த பழையதை நிறுத்தச் சொன்னது பாட்டிக்கு விளங்கவில்லை. இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் இந்த வகை மருந்து, அதாவது பீட்டா பிளாக்கர், அப்போதுதான் வகுப்பில் நடந்திருந்தது. டப்பாக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளி, ட்ரையாஜ் நர்ஸ் கையில் கொடுத்து, இரண்டு லேபிளையும் விரலால் காட்டினேன். அதே பாட்டியை மறுநாள் வார்டில் கவுனோடு பார்த்திருந்தால் எனக்குக் கிடைப்பது கம்ப்யூட்டரில் ஒரு மருந்துப் பட்டியல். அதில் அந்த மேசை இருக்காது.

இதில் ஒரு ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வரும். நாடி நாற்பது என்றதும் மனசுக்குள் அட்ரோபின் (நாடியை வேகப்படுத்தும் மருந்து) என்று ஓடும். வண்டியில் அது உங்கள் வேலை இல்லை. இஎம்டியைவிட அதிகப் பயிற்சி பெற்ற பாராமெடிக்கை வரவழைப்பதுதான் உங்கள் வேலை, அன்று நாங்கள் செய்ததும் அதுதான். டெக்சஸில் இஎம்டி என்ன செய்யலாம், கூடாது என்பதைத் தீர்மானிப்பவர் அந்தந்த சர்வீஸை மேற்பார்க்கும் டாக்டரான மெடிக்கல் டைரக்டர். உங்கள் கைக்கு அதிகாரம் அவரிடமிருந்து வருகிறது, நீங்கள் படித்த புத்தகத்திலிருந்து இல்லை. இரண்டாம் ஆண்டு முடியும்போது உங்களுக்குத் தெரிந்ததற்கும் உங்களுக்கு அனுமதிக்கப்பட்டதற்கும் இடைவெளி பெரிதாகியிருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று தோன்றினால், நிறுத்திவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஷிஃப்ட் இல்லாமல் கார்டு மட்டும் வைத்திருப்பது ஏன் வீண் என்பதும் இதிலேயே இருக்கிறது. சர்வீஸை விட்டால் மெடிக்கல் டைரக்டரும் இல்லை. சங்கத்துப் பொங்கல் விழாவில் மாமா ஒருவர் மயங்கி விழுந்தால், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே: 911 அழைப்பது, மூச்சும் நாடியும் பார்ப்பது, தேவைப்பட்டால் சிபிஆர், மண்டபத்துச் சுவரில் இருக்கும் ஏஇடியை (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி)க் கொண்டுவரச் சொல்வது. டெக்சஸில் குட் சமாரிட்டன் சட்டம் இருக்கிறது, நல்லெண்ணத்தோடு காசு வாங்காமல் உதவுகிறவருக்கு அது கேடயம். விமானத்தில் உதவுவதற்கு 1998-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அதில் இஎம்டிக்கும் பெயர் குறிப்பிட்டே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக மட்டும் 40 மணி நேரம் செலவழிப்பீர்களா? (விழாவில் "911 கூப்பிடாதே, பில் வரும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பயம் பொய்யில்லை. எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் தரைவழி ஆம்புலன்ஸைச் சேர்க்கவில்லை. இருந்தாலும் கூப்பிடுங்கள்.)

அம்மாவிடம் என்ன சொல்வது? நம்மூரில் 108 வந்ததே 2008-ல். அதற்கு முன்பே வளர்ந்தவருக்கு ஆம்புலன்ஸ் என்றால் ஒரு டிரைவரும் ஒரு வெள்ளை வேனும்தான். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான், பல ஊர்களில் சவ அடக்கம் செய்பவர்களின் வண்டியே ஆம்புலன்ஸாக ஓடியது. 1967-ல் பிட்ஸ்பர்க்கில், ஹில் பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையை உருவாக்கியதில் முக்கியமானவர் பீட்டர் சாஃபர். சிபிஆர் முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர், பெரிய டாக்டர். இன்றும் ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஸக்கர் மெடிக்கல் ஸ்கூலிலும், சவுத் கரோலினாவின் க்ரீன்வில் மெடிக்கல் ஸ்கூலிலும், முதலாண்டில் சேரும் அத்தனை பேருக்கும் முதல் வேலையே இஎம்டி பயிற்சிதான். "அந்த ஸ்கூல்ல எல்லாரையும் கட்டாயமா தூக்க வைக்கிறாங்கம்மா" என்று சொல்லுங்கள். பலன் இருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். என் அம்மா கடைசிவரை சமாதானமாகவில்லை.

பணத்துக்காக என்று நினைத்தால் அதையும் விட்டுவிடுங்கள். இஎம்டி சம்பளம் உங்களுக்கே தெரியும். கல்விக் கடனுக்கு முன்னால் அது மளிகைச் செலவுக்குத்தான் காணும். உங்களுக்கு க்ரீன் கார்டு இருப்பதால் சம்பள ஷிஃப்ட்டில் சிக்கலில்லை. மாணவர் விசாவான எஃப்-1-லோ, வேலை அனுமதி இல்லாத குடும்ப விசாவான ஹெச்-4-லோ இருக்கும் நண்பர்கள் உங்களைப் பார்த்துச் சம்பள ஷிஃப்ட்டில் இறங்கிவிடக் கூடாது.

இந்த மாதமே செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. வெளிவேலை பற்றி உங்கள் மெடிக்கல் ஸ்கூலின் விதி என்ன என்று ஸ்டூடண்ட் அஃபேர்ஸில் எழுத்தில் கேளுங்கள். முதலாண்டில் வேண்டாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. சர்வீஸில் பகுதிநேரத்துக்கு மாதம் குறைந்தது எத்தனை ஷிஃப்ட் என்று கேளுங்கள், நான்கு என்றால் முதலாண்டில் தாங்காது. பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டு வேறு கணக்கு, அது எப்படியும் மெடிக்கல் ஸ்கூலில் கேட்பார்கள், காலாவதியாக விடாதீர்கள்.

சர்வீஸை விடுவதென்று முடிவானால் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடாதீர்கள். முறையாக நோட்டீஸ் கொடுத்து, ரேடியோ, ஜாக்கெட், பேட்ஜ் எல்லாவற்றையும் ஒப்படைத்து, அன்றைக்கே சூப்பர்வைசரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, மொத்த மணி நேரம், உங்கள் பொறுப்புகள். ரெசிடென்சி விண்ணப்பத்தில் இதெல்லாம் எழுத வேண்டிவரும்போது அந்த சூப்பர்வைசர் வேறு எந்த ஊரில் இருப்பாரோ, பழைய ஷிஃப்ட் கணக்கு யாரிடம் இருக்குமோ தெரியாது. கடிதத்தை ஸ்கேன் செய்து உங்கள் சொந்த ஈமெயிலில் போட்டு வையுங்கள், சர்வீஸ் கொடுத்த ஈமெயில் நீங்கள் விலகியதுமே மூடப்பட்டுவிடும்.