சமூகப்பணிப் பேராசிரியருக்கும் தையல் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்துப் பேராசிரியர் ஆனால் வாழ்க்கை எப்படி இருக்கும்? திறன் பயிற்சி, வேலைவாய்ப்பு வேலையையெல்லாம் இந்தத் துறைக்காரர்கள் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்?

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் 1990-இல் விரிவுரையாளராகச் சேர்ந்து 2024-இல் ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் நாலு வருடம் ஒரு நூற்பாலையில் வெல்ஃபேர் ஆபீசர். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு திறன் பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறேன். மூன்றும் ஒரே வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் அப்படி யாரும் நினைத்ததில்லை. என் மாமனார் கடைசிவரை "மாப்ள சோசியல் சர்வீஸ்ல இருக்காரு" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் அடுத்து "சம்பளம் உண்டாமா?" என்று விசாரிப்பார்கள்.

மில்லிலிருந்தே தொடங்குகிறேன். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 49-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் (அதாவது வெல்ஃபேர் ஆபீசர்) இருந்தே ஆகவேண்டும் என்றது. எங்கள் படிப்புக்கு நெடுங்காலம் சோறு போட்ட பிரிவு அது. (2020-இல் வந்த சட்டத் தொகுப்பு அந்த 500-ஐ 250 ஆக்கியது. இப்போது படிப்பவர்கள் கவனிக்கவேண்டிய எண்.) அதே சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் மில்லிலும் இருந்தது. பெயிண்ட் அடித்த அறை, நாலு தொட்டில், ஒரு ஆயா. சேர்ந்த முதல் வாரம் எட்டிப் பார்த்தேன். தொட்டிலுக்குள் நூல் சுற்றிய கோன்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஆயாவிடம் கேட்டேன். "புள்ளைகள யாரு சார் தூக்கிட்டு வாரா? ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலரைக்கே வேன் வந்துரும். வேன்ல நிக்கவே எடமில்ல. தூங்குற புள்ளைய எங்கிட்டு வச்சுக்கிருவாளுக?"

வேனில் முன்வரிசையைக் கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒதுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். "அது டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன், உங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று கடிதம் திரும்பி வந்தது. எட்டு மாதம் அலைந்து அந்த வரிசையை வாங்கினேன். மூன்று குழந்தைகள் வந்தன. நாலாவது தொட்டிலில் அப்போதும் கோன்தான். ஆனால் அந்த மூன்று தாய்மார்களும் வேலையை விடவில்லை. சட்டம் கேட்ட அறை இருந்தது, ஆயா இருந்தார், அவருக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்; யார் டிபார்ட்மென்ட்டிலும் சேராத ஒரு வேன் சீட் நடுவில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் 34 வருடம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஏறக்குறைய இந்த வேன் சீட்டைத்தான்.

இந்தப் படிப்பு இந்தியாவுக்கு வந்தது 1936-இல், பம்பாயில் டாடா தொடங்கிய பள்ளி வழியாக. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க்கைத் தொடங்கினார். எங்கே படித்தாலும் வாரத்தில் இரண்டு நாளாவது ஃபீல்டு ஒர்க் இருக்கும். ஆஸ்பத்திரி, பஞ்சாயத்து, தொண்டு நிறுவனம், ஃபேக்டரி என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்கள் எழுதிவரும் ரெக்கார்டைப் படித்து, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசவேண்டும். பேராசிரியர் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். மேடையேறிப் பாடம் நடத்துவது மிச்சம். "இன்று விழிப்புணர்வு நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதிவந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, "யாருக்குச் சிறப்பு?" என்று எழுதுவேன். பிள்ளைகள் என்னை எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று தெரியும்.

என் சிவப்பு மை என் மீதே திரும்பிய கதை ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் 35 பேருக்கு மூன்று மாதத் தையல் மெஷின் ஆபரேட்டர் பயிற்சி நடத்தினோம். பாடத்திட்டம் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. 27 பேருக்குத் திருப்பூரில் வேலை. பஸ் ஏற்றிவிட்டு, சான்றிதழோடு போட்டோ எடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். ஆறு வாரம் கழித்து விசாரித்தால் அங்கே இருந்தது 11 பேர்.

"கிராமத்துப் பிள்ளைக, வீட்ட விட்டு இருக்க முடியல, ஹோம்சிக்" என்று மையத்தில் ஒரே பேச்சு. நானும் தலையாட்டினேன். அப்போது பிளாக் பிளேஸ்மென்ட்டில் (தொடர்ச்சியாகச் சில வாரம் செய்யும் களப்பயிற்சி) இருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, திரும்பி வந்த 16 பேர் வீட்டுக்கும் நத்தம் பக்கம் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய்வந்தாள். அவள் ரெக்கார்டில் ஹோம்சிக் என்ற வார்த்தையே இல்லை.

ஆறு பேருக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறவில்லை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். பணம் திரும்பிப் போயிருக்கிறது. நாலு பேருக்குக் கையில் காசில்லை. மாதக் கடைசியில்தானே சம்பளம், அதுவரை சோப்பு, ரீசார்ஜ், நாப்கின் எல்லாம் யார் வாங்கித் தருவது? ஒருத்தி சித்தி மகள் காதுகுத்துக்கு ஊருக்கு வந்தவள். லீவு கேட்க எப்படி, யாரிடம் என்று தெரியாமல் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். வந்தபின் திரும்பிப் போகக் கூச்சம். "வேலைய விட்டுத் தூக்கியிருப்பாகன்னு நெனச்சேன்க்கா" என்றாளாம். மாணவி அங்கேயே, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கம்பெனி ஹெச்.ஆருக்கு போன் போட்டிருக்கிறாள். "அந்தப் பொண்ணா? லைனுக்கு ஆள் இல்லாம கெடக்கு, திங்கட்கிழமை வரச் சொல்லுங்க" என்று பதில். திங்கட்கிழமை அவள் போய்விட்டாள்.

மூன்று மாதத்தில் நேர்த்தையல், ஓவர்லாக், கை வேகம் எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். லீவு கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பாடத்திட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

அடுத்த பேட்ச்சிலிருந்து முதல் வாரமே வங்கிக்குக் கூட்டிப்போய் பெயரைச் சரிபார்த்தோம். பே ஸ்லிப் படிக்க ஒரு முழு நாள் ஒதுக்கினோம். இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். முதல் சம்பளத்தில் பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. (இப்போது தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்) பிடித்தவுடன், "ஏமாத்துறாய்ங்க சார்" என்று வேலையை உதறிவிட்டு வந்த பையன்களை எனக்குத் தெரியும். அது அவன் பணம், கம்பெனியும் அதில் போடுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் உதவும் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

அரசுத் திட்டம் போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. கிராமப்புற இளைஞர்களுக்காக 2014-இல் வந்த தீன் தயாள் உபாத்யாயா கிராமீண் கௌசல்ய யோஜனா என்ற திறன் பயிற்சித் திட்டத்தில், வேலைக்குச் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் உதவி என்று வைத்தார்கள். சொந்த மாவட்டம் என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் 3 மாதம், வெளிமாநிலம் என்றால் 6 மாதம். எங்கள் நாலு பெண்களைத் திரும்பவைத்த அதே சோப்பு, ரீசார்ஜ் காசுதான் இது. ஆனால் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை என்ற இலக்கைத்தான் மையங்கள் துரத்துகின்றன. ஆர்டர் காப்பி ஃபைலில் ஏறியதும் அடுத்த பேட்ச். வேலைக்குப் போனவர் அங்கே நிலைத்து நிற்கிறாரா என்று பார்க்கத் தனியாக ஆள் போட யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த ஆள்தான் எம்.எஸ்.டபிள்யூ. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் என் பதில்.

முதல் பாதிக்கு வருகிறேன், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. உதவி பெறும் பணியிடம் கிடைத்தால் சம்பளம் நன்றாக இருக்கும். எனக்குக் கிடைத்தது, காலமும் அப்படி. இப்போது பெரும்பாலும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவில்தான் ஆள் எடுக்கிறார்கள். என்னிடம் படித்துத் தங்க மெடல் வாங்கிய ஒருவர், தன் மாணவன் ஹெச்.ஆரில் வாங்கும் முதல் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அட்மிஷன் சமயத்தில் ஆள் பிடிக்கவும் அனுப்புகிறார்களாம். கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் (NAAC) குழு வரும் வருடத்தில் ஃபீல்டுக்குப் போக நேரமே இராது, ஃபைல்தான்.

ஆசை இருந்தால் நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வுகள்) முதலில் எழுதி முடியுங்கள். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்குப் பிஎச்.டி. கட்டாயமில்லை. அதற்காகப் பிஎச்.டி.யை விடச் சொல்லவில்லை, அவசரப்பட்டு வருடங்களைத் தொலைக்கவேண்டாம் என்கிறேன். இன்னொன்று, படிப்பு முடித்தவுடன் நேராக வகுப்பறைக்குப் போகாதீர்கள். மூன்று வருடமாவது ஒரு மில்லிலோ, பிளாக் ஆபீஸிலோ, ஆஸ்பத்திரியிலோ வேலை பாருங்கள். அந்தக் கோன் அடுக்கிய தொட்டிலைப் பார்த்திராவிட்டால் நான் எதைப் பாடம் நடத்தியிருப்பேன் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

எங்கே சேர்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். பிராஸ்பெக்டஸைப் பார்க்காதீர்கள். கல்லூரிக்கு நேரில் போய், சீனியர் ஒருவரைப் பிடித்து டீ வாங்கிக்கொடுத்து, ஃபீல்டு ஒர்க் ரெக்கார்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை இருந்தால் அப்ளிகேஷன் வாங்குங்கள். வெறும் டிக்கும் கையெழுத்தும் மட்டும் இருந்தால், டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள்.