செடியை வெட்டவும் ஓர் இன்ஜினியரிங்கா?

ஆத்தூரிலிருந்து ஓர் அப்பா கேட்கிறார்: “மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். வேளாண் பொறியியல்தான் படிப்பேன் என்கிறாள். சோயா அறுவடையில் தண்டை வெட்ட எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று ஆராய்ச்சியே நடக்கிறதாம். மரவள்ளிக் காட்டிலிருந்து மேலே வரட்டும் என்றுதான் படிக்க வைத்தேன். இதெல்லாம் ஒரு படிப்பா?”

படிப்புதான் ஐயா, அதுவும் லேசுப்பட்டதல்ல. சோயாவில் அடிக்காய் தரையிலிருந்து சில அங்குலத்திலேயே பிடித்துவிடும். அதனால் இயந்திரக் கத்தி தரையை ஒட்டி ஓட வேண்டும். தண்டு தடித்திருப்பதும் அங்கேதான். ஈரம் இருந்தால் நார் அறுபடாமல் இழுக்கும். சரி, நன்றாகக் காயட்டும் என்று விட்டால், கத்தி பட்ட அதிர்விலேயே காய் வெடித்து மணி கொட்டிவிடும். கத்தி மழுங்கியிருந்தால் இன்னும் மோசம். ஆக, இது டீசல் கணக்கு மட்டுமல்ல, மூட்டைக் கணக்கு.

அளக்கும் விதம் பிளஸ் ஒன் இயற்பியல்தான். கத்தி பொருத்திய ஊசலை ஓர் உயரத்திலிருந்து விடுவார்கள். தண்டை வெட்டிய பிறகு அது மறுபக்கம் எவ்வளவு குறைவாக ஏறுகிறது என்று பார்த்து, வெறுமனே ஆட்டியபோது குறைந்ததைக் கழித்தால், வெட்டுக்குப் போன ஆற்றல் கிடைத்துவிடும்.

சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரப் பயிர். ஆனால் உங்கள் காட்டிலேயே நடவுக்கான மரவள்ளிக் கரணையை, அதாவது தண்டுத் துண்டை, பட்டை நசுங்காமல், கணு அடிபடாமல் 15 செ.மீ. நீளத்துக்கு நறுக்க வேண்டியிருக்கிறதே! அதற்கும் இதே கணக்குதான்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் கோவையிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் உள்ளன. அதற்கு விண்ணப்பம் தனி. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வு தனி. இரண்டுக்கும் போட்டுவிடுங்கள். தனியார் கல்லூரி என்றால் பண்ணை இயந்திரப் பட்டறையை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டடத்தின் பளபளப்பை நம்ப வேண்டாம்.

வேலை விஷயத்தில் மறைக்க மாட்டேன். வேளாண்மைப் பொறியியல் துறை வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும், இடங்கள் குறைவு. இயந்திர வடிவமைப்பு என்றால் சென்னை, கோவை, புனே என்று ஊரைவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் எம்.டெக். வரை பொறுமை வேண்டும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்துக்குக் கோவையிலும் ஒரு மையம் இருக்கிறது.

அப்புறம், அவளுக்குக் கணக்கு பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செடி கொடி மட்டும்தான் பிடிக்கும் என்றால் பி.எஸ்சி. வேளாண்மையே பொருத்தம்.